அனுப்பாத சாமி

கலைஞர்களைப் பாராட்டுகிறோம் என்று கூட்டிப்போனவர்கள், பலவேசம் உடுக்கையடித்துத் துடியான மாடசாமியை அழைத்துப் பாடியதுமே நேரமாகிவிட்டதென்று மணியடித்துப் பொன்னாடை போர்த்திவிட்டார்கள்.

“ஐயா, கூப்பிட்ட இடத்துலயே சாமியை அனுப்பியும் பாடணும். இல்லன்னா எங்கூட வந்துரும்.”

“வந்தா சோறு போடும்வே” என்றார் விழாக்காரர். மேடையே சிரித்தது. சிரிக்கிறவனுக்கென்ன, அவன் வீட்டுக்கா போகப்போகிறது?

ஊருக்குப் போகும் பேருந்தில் நிற்கக்கூட இடமில்லை. ஆனாலும் பலவேசத்துக்குப் பக்கத்து இருக்கையில் ஒருவரும் உட்காரவில்லை. வீட்டில் மகள் பச்சை உடம்போடு கிடக்கிறாள். பிள்ளைக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை.

“ரெண்டு பேருக்கும் எந்த ஊரு, அண்ணாச்சி?” என்றார் கண்டக்டர்.

ஊர்ப் பெயர் நாக்குநுனிவரை வந்துவிட்டது. பலவேசம் பொன்னாடையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டார்.