அம்மாவின் உள்ளங்கை

அதிபர் தேர்தலில் காய்த்துப்போன கை இல்லாமல் யாரும் மேடை ஏறுவதில்லை. அம்மா தன் உள்ளங்கைத் தோலை வேட்பாளர் ஹார்விக்குக்குக் கொடுத்திருந்தாள். ஒஹையோ மோட்டல் ஒன்றின் சலவை அறையில் இருபத்தாறு வருடம் உழைத்த கை. பதிலுக்கு அவருடைய தோலை அவளுக்கு ஒட்டியிருந்தார்கள். கொடுத்தது யாரென்று அவருக்குச் சொல்வதில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"

"வலி போயிடுச்சுடி. அது போதும்."

அவர் எங்கள் ஊருக்குப் பிரசாரத்துக்கு வந்தபோது அம்மாதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். "என் கை எப்படி இருக்குன்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாம்." கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போகிறவளைப் போலிருந்தது அவள் முகம்.

ஹார்விக் முன்வரிசைக்குக் கைகொடுத்துக்கொண்டே வந்தார். அம்மாவின் கையைத் தொட்டதும் நின்றார். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தினார்.

"பாருங்கள்! ஒரு நாளாவது வேலை செய்த கையா இது? இவர்கள் சொகுசாக வாழத்தான் நாம் தேய்ந்துபோனோம்!"

கூட்டம் ஊளையிட்டது. யாரோ காகிதக் கோப்பையை எறிந்தார்கள். அது உன் தோல்தானடா என்று கத்தினேன்; அந்த ஊளையில் யாருக்கும் கேட்கவில்லை.

அம்மா கூட்டத்தைப் பார்க்கவேயில்லை. தன்னைப் பிடித்திருந்த கையையே பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே இஸ்திரிப்பெட்டி சுட்ட அந்தப் பழைய தழும்பு.

"பாவி," என்றாள். "வெடிப்புக்குக் கொஞ்சம் எண்ணெய்கூடத் தடவலியே."