மிதக்கும் அரண்மனை

"கடல்மேல் மிதக்கிற அரண்மனையில் உலகத்தையே வலம் வரும் பெருமக்களின் காலடி பட்டதால், இந்தத் தோட்டத்துத் தேயிலைக்கு இன்று முதல் தனி வாசம்" என்று பிரகடனம் செய்தான் றோலண்ட். கொழும்பில் கப்பல் வந்தால் அதிலிருப்பவர்களை மலைநாட்டுக்குக் கூட்டிவந்து காட்டும் வழிகாட்டி அவன். பெருமக்களோ ஹட்டனிலிருந்து வந்த வளைவுகளில் குலுங்கி, பேச்சுமூச்சில்லாமல், பஸ் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய கிளாக்கர் யேசுரட்ணம் ஒவ்வொரு கழுத்திலும் மாலை போட்டார். போடும்போதே முகத்தைச் சோதித்தார். அவருக்குக் காரணம் இருந்தது.

போன வருஷம் இப்படித்தான் தேயிலை பார்க்க வந்தேன் என்று ஒரு வெள்ளைக்காரி வந்தாள். கொழுந்து பறிக்கிறவர்கள் குடியிருக்கும் லயத்தின் ஒழுகுகிற கூரையைப் படம் பிடித்துச் சீமைப் பத்திரிகையில் போட்டுவிட்டாள். அரசாங்கம் தோட்டங்களைத் தன் கைக்கு எடுத்த புதிது. மேலிடம் பதறிப்போய் லயத்துக்குப் புதுத் தகரம் அனுப்பியது. அதில் ஒரு பங்கு லயத்துக்குப் போகிற வழியில் இளைப்பாறி, யேசுரட்ணத்தின் அடுப்படிக்கு மேலேயே தங்கிவிட்டது. வெளியே தெரிந்தால் அவருக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை.

தேயிலை ஸ்டோருக்குள் கொழுந்து அரைக்கிற மெஷினைக் காட்டினார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களாவிலிருந்து இரவல் வாங்கிய பீங்கான் கோப்பைகளில் தேத்தண்ணி வந்தது. ஒருவர்கூடத் தொடவில்லை. ஒரு கிழவர் தட்டைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார்.

யேசுரட்ணத்துக்குச் சுருக்கென்றது. தேத்தண்ணி என்றால் உயிரை விடுகிற ஜனம், அது விளைகிற இடத்துக்கே வந்து வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? இவர்கள் ஊர் பார்க்க வந்தவர்கள் இல்லை.

றோலண்டை ஓரமாகக் கூப்பிட்டுக் கப்பலைப் பற்றித் தோண்டினார். நீச்சல் குளம், ராத்திரிக்கு பாண்டு வாத்தியம், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பாடு என்று அவன் அடுக்கினான்.

"ரொம்பப் பழைய கப்பலாமே தம்பி?"

"பழசுன்னு சொல்லக்கூடாதுங்க. பாரம்பரியம்னு சொல்லணும்."

"பெரிசா?"

"பெரிசும் இல்ல, சின்னதும் இல்ல. நடுத்தரம். அதுலதாங்க கவனிப்பு இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டான். பனி கொட்டுகிற நேரத்தில் அவனுக்கு வேர்த்திருந்தது.

அப்போது நீலத் தொப்பி போட்ட சீமாட்டி ஒருத்தி வந்து அவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் ஸ்டோருக்குப் பின்பக்கம் கை காட்டினான். அவள் கிட்டத்தட்ட ஓடினாள்.

ஸ்டோருக்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு வீடு. வெள்ளைக்கார இஞ்சினியருக்காகக் கட்டி, அவர் விட்டுப்போன சாமான் சட்டோடு அப்படியே யேசுரட்ணத்துக்குக் கொடுத்த வீடு.

கொஞ்ச நேரத்தில் சீமாட்டி திரும்பி வந்தாள். வந்த காரியம் முடிந்த முகம். அவள் ஒரு வழுக்கைத் தலையரிடம் கிசுகிசுத்தாள், அவர் போனார். அவர் வந்து இன்னொருவரிடம் கிசுகிசுத்தார். கடைசியில் கிசுகிசுக்க ஆளில்லாமல் பாதிப் பேர் அங்கே போயிருந்தார்கள்.

யேசுரட்ணம் சுற்றுவழியாக ஓடிப் போய்ப் பார்த்தார். அவருடைய அடுப்படி ஓரமாக வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். அதில் உயரமான ஒருவர் அண்ணாந்து தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று ஒவ்வொருவராக உள்ளே விட்டுக்கொண்டிருந்தவள் அவருடைய மனைவி இசபெல்.

"என்ன நடக்குது இங்க?" என்றார்.

"நீங்க முன்னுக்குப் போய் உங்க வேலையப் பாருங்க. இத நான் பார்த்துக்கிறேன்."

லயத்துப் பேச்சியம்மா வீட்டில் மழைத்தண்ணிக்குச் சட்டி வைத்திருக்கிறார்கள், அந்தத் தகரம் நமக்கு வேண்டாம் என்று போன ஞாயிறு பூசை முடிந்து வருகிற வழியெல்லாம் அழுதவள் இவள். ஏசுநாதரிடம் சொன்னது போதாதென்று இப்போது பத்திரிகைக்காரர்களிடமும் சொல்லிவிட்டாள்.

இனி ஒரே வழிதான். அவர்கள் எழுதுவதற்கு முன் தானே சொல்லிவிட்டால், பாவமன்னிப்பு மாதிரி ஏதாவது கிடைக்கும். ஸ்டோர் வாசலில் றோலண்டோடு நின்ற துரையிடம் மூச்சிரைக்கப் போய் நின்றார்.

"சேர், அந்தத் தகரத்த நான்தான் எடுத்தேன். என் குசினிக்குப் போட்டுட்டேன். நாளைக்கே பிரிச்சு லயத்துக்கு ஏத்திடுறேன். இவங்க எழுதிப் போட்டா என் குடும்பம் தெருவுல நிக்கும் சேர்."

துரை சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "எந்தத் தகரம், கிளாக்கர்?"

யேசுரட்ணம் வாயை மூடிக்கொண்டார். மூடுகிற நேரம் கடந்திருந்தது. துரை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த ஆட்கள் என்ன எழுதப் போகிறார்கள், கிளாக்கர் வீட்டில் இவர்களுக்கு என்ன வேலை என்று றோலண்டைக் கேட்டார்.

றோலண்ட் கோட்டைச் சரிசெய்தான். பெருமக்கள் யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"கப்பல்ல ரெண்டு நாளா கக்கூசு அடைச்சுக் கிடக்குங்க சேர்."