தென்னை அறுத்த மெஷின்

பெட்ரோலில் ஆயில் கலக்காமல் ஓட்டியதில், மரம் அறுக்கும் மெஷினின் பிஸ்டன் கோடு கோடாகக் கீறிப்போயிருந்தது. புதுசு வாங்கிப் போட்டால் மெஷின் விலையில் பாதி வந்துவிடும் என்று மெக்கானிக் பொன்னுரங்கம் சொன்னதும், அதைக் கொண்டுவந்தவர் பைக்கிலிருந்து ஒரு சாக்கை எடுத்துவந்து அவிழ்த்தார். உள்ளே அதே மாடலில் ஒரு பழைய மெஷின். "காயலான் கடையில கிடைச்சதுங்க. தென்னை அறுத்தது. இதுலருந்து கழட்டிப் போட்டுருங்க." அதில் நம்பர் இருந்த இடத்தை யாரோ அரம் போட்டுத் தேய்த்திருந்தார்கள். பொன்னுரங்கம் அந்தப் பழைய மெஷினின் மூடியைக் கழற்றி, சிலிண்டர் இடுக்குகளில் எண்ணெயோடு இறுகியிருந்த மரத்தூளை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினான். கடை முழுக்கச் சந்தனம் மணத்தது. அவன் கை நின்றுவிட்டது.

"என்னங்க?" என்றார் வந்தவர்.

"ஒண்ணுமில்லைங்க, தூள் அடைச்சிருக்கு."

"வாசம் ஏதும் வருதுங்களா?"

"எனக்கு ஒரு வாரமா சளிங்க."

வந்தவர் அவன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிஸ்டனையும் சிலிண்டரையும் மாற்றிக் கயிற்றை இழுத்ததும் மெஷின் பிடித்துக்கொண்டது. கூலியைக் கொடுத்துவிட்டு அதை மட்டும் பைக்கில் கட்டினார்.

"பழசையும் எடுத்துக்குங்க" என்றான் பொன்னுரங்கம்.

"எனக்கெதுக்குங்க? உங்க கடையிலயே இருக்கட்டும்."

அவர் தெருமுனை வரைதான் போனார். அங்கே வண்டியை நிறுத்தித் திரும்பி, கடையின் பெயர்ப்பலகையை நிதானமாகப் படித்து, சந்தனம் அறுத்த மெஷின் இந்தக் கடையில்தான் இருக்கிறதென்று போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.