விதை எடுத்த சுளை

சன்னல் வழியே சாய்வெயில் மேசைமேல் விழுந்து ஆரஞ்சுத் தோலைப் பளபளக்க வைக்கிறது. மருந்துக்கடையில் நாள் முழுக்க மாத்திரை எண்ணிக் கொடுக்கிற கை அவளுடையது, எண்ணிக்கையில் பிசகாது. கணவனின் மூத்த தாரத்து மகளுக்கு ஐந்து சுளை, தான் பெற்றவளுக்கு ஐந்து சுளை. ஓரவஞ்சனை என்று ஒருத்தர் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிட முடியாது. அப்படித்தான் நிறைவாக உட்கார்ந்திருக்கிறாள், பெரியவளின் தட்டில் 'டிக்' என்று ஒரு விதை விழும்வரை. மறுபடி ஒரு 'டிக்'. சின்னவளின் தட்டில் ஒரு விதைகூட இல்லை. சுளை பங்கிட்டவள் தன் உள்ளங்கையை விரித்துப் பார்க்கிறாள். சின்னவளின் சுளைகளிலிருந்து பிதுக்கி எடுத்த ஏழெட்டு விதைகள் ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஏழு வயதானவளுக்கு விதையைத் துப்பத் தெரியாதா என்ன? சட்டென்று விரல்களை மூடிக்கொள்கிறாள். பெரியவள் அதைப் பார்த்தாளோ என்னவோ, தன் கடைசிச் சுளையை நகத்தால் கீறி, விதையைப் பொறுமையாக எடுத்துவிட்டு நீட்டுகிறாள். "நீங்க ஒண்ணுமே சாப்பிடலையே சித்தி. விதை எடுத்துட்டேன், வாயத் தொறங்க." வாய் திறக்கிறது. தலையைத்தான் நிமிர்த்த முடியவில்லை.