விற்றவர் விலாசம்

ஆறு மாத நாய்க்குட்டி நிற்க முடியாமல் மேசைமேல் சரிந்தது. மருத்துவர் எக்ஸ்ரே படத்தை உயர்த்திப் பார்த்தார்.

"இடுப்பு மூட்டு சரியாப் பொருந்தலம்மா. பெரும்பாலும் தாய், தகப்பன் வழியா வர்றது. கூண்டுல, வழுக்குற தரையில வளர்த்து இன்னும் கெடுத்திருக்காங்க."

குட்டியைக் கொண்டுவந்த பெண் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க, வலியைக் குறைச்சிடலாம். இதை உங்க தலையில கட்டினவன் விலாசம் சொல்லுங்க. புகார் கொடுப்போம்."

"தாய் மறுபடியும் சினையா இருக்கு டாக்டர். அதாலயும் எழுந்திருக்க முடியல."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே சோறு வைக்கிறேன். விக்கிறது என் வீட்டுக்காரர். நொண்டுற குட்டிகளை அவர் உயிரோட விடறதில்ல. இதை ஒளிச்சுத் தூக்கிட்டு வந்தேன்."

மருத்துவர் பேனாவைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்தார்.

"எழுதிக்குங்க டாக்டர்," என்று குட்டியை அணைத்துக்கொண்டு, தன் வீட்டு விலாசத்தைச் சொன்னாள்.