புலம்பிக்கொண்டே பறித்தவர்

“படம் எடுக்கக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு, கூலி வேலை வாங்கறீங்களே! உங்களுக்கே இது நியாயமா இருக்கா?”

யோர்தானிஸ் ஆரம்பித்துவிட்டார். ஏதென்ஸில் நோட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் ரெண்டு கேமரா, வாயில் ஓயாத குறை.

நான் ஸ்டமாட்டிஸ். வேன் டிரைவர். ஆலிவ் பறிக்கிற நவம்பர் மாசத்தில், ஆரெட்டி ஒரு ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு எங்கள் கடலோர ஊர்களுக்கு வருவாள். அவள் படம் எடுக்கச் சொல்லித் தருவாள், நான் வண்டி ஓட்டுவேன்.

“கையில கறை படாம ஆலிவைப் படம் எடுத்தா அதுல உயிரே இருக்காது சார்! ரெண்டு நாள் பறிங்க. அப்புறம் கேமராவைத் தொடுங்க” என்று சிரித்தாள் ஆரெட்டி.

பச்சைப் பொய். அது பொய் என்று எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்தத் தோப்பு ஸ்ட்ராட்டிஸ் மாமாவுடையது. அவர் மனைவி மெட்டாக்சியா இறந்து வருகிற ஞாயிறோடு நாற்பது நாள். அன்றைக்கு அவள் கல்லறை விளக்கில், அவள் வைத்து வளர்த்த மரங்களின் புது எண்ணெய்தான் எரிய வேண்டும் என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார். ஆனால் வலது தோளைத் தூக்க முடியாது. பறித்துத் தர வந்த அக்கம்பக்கத்தாரை, “எனக்கு யாரும் பாவம் பார்க்க வேண்டாம், நான் ஒண்ணும் செத்துப்போயிடலை!” என்று விரட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எண்ணெய் ஆலையில் காய் ஆட்ட அவருடைய முறை. விட்டால் அடுத்த வாரம்தான். வியாழன் காலை, மரமெல்லாம் காயோடு அப்படியே நிற்கிறது.

அதனால்தான் ஆரெட்டி அவரிடமும் ஒரு பொய்யைச் சொன்னாள். “நகரத்து ஆளுங்களுக்கு பறிச்சுப் பார்க்கணும்னு ஆசை மாமா. உங்க தோப்பைக் குடுத்தா எனக்குத்தான் உபகாரம்.”

மாமா அரை மனசோடு தலையாட்டினார்.

மரத்தடியில் வலை விரித்தோம். கழியால் தட்டத் தட்ட, காய் மழை மாதிரி கொட்டியது. கூட்டத்தில் ஒரு டாக்டரம்மா, நல்ல மனசு. மாமா தோளைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, “நீங்க உட்காருங்க ஐயா, பாவம். நாங்க பார்த்துக்கறோம்” என்றார்.

மாமாவின் முகம் மாறியது. கழியைக் கீழே வைத்தார்.

“ஆரெட்டி! இவங்ககிட்ட என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தே?”

ஆரெட்டி குனிந்து வலையின் ஓரத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

“ஐயோ, என் முதுகு!” யோர்தானிஸ் கத்தினார். “யோவ் பெரியவரே! மரத்தைக் கவாத்து பண்ண இந்த ஊர்ல ஆளே இல்லையா? வானத்துக்கு வளர்த்து வெச்சிருக்கீரு!”

மெட்டாக்சியாவின் மரங்களைப் போய் குறை சொல்கிறாரே பாவி!

மெட்டாக்சியா போனதிலிருந்து சரியாக வாய் திறக்காத மாமா, தொண்டை கிழியக் கத்தினார். “கிளையை இழுக்காதய்யா! முறிஞ்சுடும்! பேனா பிடிச்ச கைக்கு என்ன தெரியும்?”

அவ்வளவுதான். ரெண்டு பேருக்கும் ரெண்டு நாளும் ஓயாத சண்டை. “ரொட்டி கல்லு மாதிரி இருக்கு” என்பார் யோர்தானிஸ். “கட்டின பல்லை வெச்சுக்கிட்டு என் ரொட்டியைச் சொல்றியா?” என்பார் மாமா. ‘சோம்பேறி நோட்டரி’க்குக் காட்டுகிறேன் என்று மாமா இடது கையாலேயே கழியைச் சுழற்றினார்.

பறித்ததில் யோர்தானிஸ்தான் அதிகம். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அத்தனை வேலை செய்கிற மனுஷனுக்கு வாயை மூடிக்கொண்டு செய்யத் தெரியாதா?

வெள்ளி மதியம் கடைசி மூட்டை கட்டினோம். மாமாவின் முறை தப்பவில்லை. ஆலையில் பச்சைப் பசேலென்று எண்ணெய் இறங்கியபோது, மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

வேனுக்குத் திரும்பினால், யோர்தானிஸ் நிதானமாக லென்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சார், அந்த மனுஷன் பெண்டாட்டியைப் பறிகொடுத்து நாற்பது நாள்கூட ஆகலை. அவரைப் போய் ரெண்டு நாளா குத்திக் குத்திப் பேசினீங்களே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?”

“தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“ஊர் முனைக் கம்பத்துல நாற்பதாம் நாள் பூசை அறிவிப்பு ஒட்டியிருக்கே, ஸ்ட்ராட்டிஸ் மனைவின்னு அவங்க பேர் போட்டு. அதுகூடவா என் கண்ணுல படாது? ஆரெட்டி ஏன் பொய் சொல்றான்னும் அப்பவே புரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுமா இப்படி?”

“டாக்டரம்மா ‘பாவம்’னு சொன்னதும் அவர் கழியைக் கீழே வெச்சாரே, பார்க்கலையா? இன்னொரு நிமிஷம் விட்டிருந்தா நம்ம எல்லாரையும் விரட்டியிருப்பார். உதவி செய்ய வந்தவன் எவனாவது இப்படிப் புலம்புவானா?”



அவர் லென்ஸைப் பையில் வைத்து மூடினார்.

“போன வருஷம் என் மனைவி போயிட்டா, ஸ்டமாட்டிஸ். எல்லாரும் என்கிட்ட மெதுவா, பார்த்துப் பார்த்துத்தான் பேசினாங்க. என்கூட சண்டை போட ஒருத்தர்கூட இல்லை.”