டயட்டும் முதல் அத்தியாயமும்

புனிதாவுக்கு இந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டு காரியம் ஆக வேண்டும். உடம்பில் பன்னிரண்டு கிலோ குறைய வேண்டும். ஒரு நாவலைத் தொடங்க வேண்டும்.

இரண்டும் சக்களத்திச் சண்டை போட்டன. விடிகாலையில் நடக்கப் போனால் எழுதும் நேரம் போய்விடும். எழுத உட்கார்ந்தாலோ கை தானாக முறுக்கு டப்பாவைத் தேடும். தெமியாங்கில் இருக்கும் தன் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் இரண்டு அட்டவணைகளையும் ஒட்டி வைத்திருந்தாள். தாண்டிப் போகும்போதெல்லாம் எதையோ மறந்துவிட்ட மாதிரி இருக்கும். கதவைத் திறக்கவே பயமாக இருப்பதால் எப்படியும் இளைத்துவிடுவாள் என்று கணவன் ஷங்கர் கேலி செய்தான்.

நாவல், ரந்தாவ் பக்கம் அவள் பிறந்த ரப்பர் தோட்டத்தைப் பற்றியது. அவள் அப்பா நல்லசாமி அங்கே மண்டோர். முப்பது பேரை வேலை வாங்கியவர். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருந்த லயங்களில் சாதி பார்த்து யார் யாரை எப்படி ஒதுக்கினார்கள் என்பதை, இறந்துபோன அப்பாவையும் விட்டுவைக்காமல் எழுதிவிடுவது என்று துணிந்திருந்தாள். தன் துணிச்சலில் அவளுக்கே கொஞ்சம் பெருமைதான்.

அதற்காகப் பழைய ஆட்களைத் தேடிப் போனாள். அங்கேதான் வினை. லாபுவில் மூன்று வீடுகளுக்குப் போனாள். ஒரு வீட்டில் நாசி லெமாக், ஒரு வீட்டில் கோழிக்கறியோடு இட்லி, மூன்றாவதில் நெய் மிதக்கும் கேசரி. குறிப்பேட்டில் பதினாறு பக்கம் ஏறியது. எடையில் ஒன்றரைக் கிலோ ஏறியது.

அடுத்த மாதமும் சர்க்கரை அளவு இப்படியே வந்தால் இனிப்பு நீருக்கு மாத்திரைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே முடிவெடுத்தாள். இனி யார் வீட்டிலும் கை நனைப்பதில்லை. பகல் பன்னிரண்டரை வரை பட்டினி, அப்புறம் அளந்த ஓட்ஸ், நடுவில் வீட்டிலிருந்து கொண்டுபோகும் எலுமிச்சைத் தண்ணீர்.

அந்த வைராக்கியத்தோடுதான் ஞாயிற்றுக்கிழமை மங்கம்மா வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள்.

மங்கம்மா அப்பாவின் கீழ் ரப்பர்ப் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தின் கடைசி லயத்தில் பிறந்தவர். மற்ற லயத்துப் பிள்ளைகள் விளையாடக்கூட அந்தப் பக்கம் போகமாட்டார்கள். நாவலின் முதல் அத்தியாயம் முழுக்க அவரை நம்பித்தான் நின்றது. மூன்று முறை போனில் கெஞ்சிய பிறகுதான் வரச் சொல்லியிருந்தார்.

"வாங்க வாங்க. பசியாறிட்டுப் பேசலாம்மா."

மேசையில் உளுந்து வடை, சட்னி, சுடச்சுடத் தேத்தண்ணி. வடை வாசனை புனிதாவை இழுத்தது. மணி பத்தேகால். கைக்கடிகாரத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இருக்கட்டும்கா. வயிறு கொஞ்சம் சரியில்ல."

டயட் என்று சொன்னால் விடமாட்டார்கள், ஒரு வடையில் என்ன ஆகிவிடும் என்று ஆரம்பிப்பார்கள். லாபுவில் பட்டது போதும்.

மங்கம்மா வற்புறுத்தவில்லை. சீனி போடாமல் வேறு தேத்தண்ணி கலக்கட்டுமா என்று மட்டும் கேட்டார். அதுவும் வேண்டாம் என்றாள். வாழைப்பழம் வந்தது. அதையும் கும்பிட்டுத் திருப்பினாள். அப்பாடா, இன்றைக்குத் தப்பித்தோம் என்றிருந்தது.

ஆனால் பேச்சுதான் நகரவில்லை. அந்தக் காலத்தில் லயத்தில் எப்படி நடத்தினார்கள் என்று கேட்டால், எல்லாம் நல்லாத்தான் இருந்தது என்றார். யாராவது ஒதுக்கி வைத்தார்களா என்று கேட்டால், அதெல்லாம் பழைய கதை என்றார். வந்தால் எல்லாம் சொல்கிறேன் என்று போனில் சொன்ன மனுஷி, நேரில் வாயைத் தைத்துக்கொண்டார். குறிப்பேட்டில் தேதியைத் தவிர ஒன்றும் ஏறவில்லை. புனிதாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் அத்தியாயம் கைநழுவிப் போவது கண்ணெதிரே தெரிந்தது.

மங்கம்மா எழுந்து போய் ஒரு கண்ணாடிக் கிளாஸைத் துடைத்துத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார்.

"பச்சத்தண்ணியாச்சும் குடிங்கம்மா."

"தண்ணி இருக்குக்கா" என்று புனிதா பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்து இரண்டு மிடறு குடித்தாள். இனிச் சுற்றி வளைத்துப் பயனில்லை என்று தோன்றியது. பேனாவைத் திறந்தாள்.

"ஒளிக்காம சொல்லுங்கக்கா. எங்கப்பாவே ஆனாலும் பரவால்ல, அப்படியே எழுதுவேன். உங்கள என்னைக்காச்சும் கேவலமா பேசியிருக்காரா?"

மங்கம்மா தொடாத வடைகளைத் தட்டால் மூடினார். முகத்தில் கோபமில்லை.

"சேச்சே, உங்கப்பாருக்குத் தங்கமான வாய்மா. ஒரு நாள் ஏசுனதில்ல. வந்தா, இந்தா நீங்க உக்காந்திருக்கிற மாதிரியே உக்காந்து சிரிச்சுப் பேசுவாரு. பசியாறச் சொன்னா வயிறு சரியில்லம்பாரு. குடிக்கிற தண்ணிய மட்டும் அவரே வீட்டுலேருந்து கொண்டாந்துருவாரு."